கோடு பேனாவுக்குப் பின்னால் வருகிறது: நாலடி அரிசிக் கோலமும் கிரிட்டாவும்

வேலை இதுதான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலைப் பக்கம் ஓர் அலுவலகக் கூடத்தில் தீபாவளிக்கு நாலடி விட்டத்தில் வட்டக் கோலம். பேரங்காடிகளில் போடுவதுபோல் சாயம் ஏற்றிய அரிசியால் போடுவது. சுண்ணக்கட்டியால் தரையில் கோடு இழுக்க அனுமதி இல்லை. அதனால் முழு அளவில் அச்சடித்த ஒரு பேனரைத் தரையில் விரித்து, அதன்மேலேயே அரிசியைத் தூவ வேண்டும். படம் கிரிட்டா 5.2 என்ற ஓவிய மென்பொருளில் வரைந்தது. விண்டோஸ் 11 மடிக்கணினி, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, அதில் காலி இடம் 22 ஜிபி. கைக்கு இரண்டாம் கையில் வாங்கிய 10 × 6.25 அங்குலப் பேனா டேப்லெட், அதாவது பேனாவால் வரைந்தால் கோட்டைக் கணினித் திரையில் காட்டும் பலகை.

முதல் நாளே திணறல். பேனா இதழின் நுனிக்குப் போய்விடும், கோடு பாதி வழியில் வந்துகொண்டிருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து 'லேக்', அதாவது தாமதம், என்று ஒரே பெயர் சொல்லிவிட்டதுதான் முதல் தவறு. உள்ளே இருந்தவை நாலைந்து தனித்தனிக் கோளாறுகள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

கண்ணுக்குத் தெரிந்தவை: கோடு தொடங்கும் முதல் சில மில்லிமீட்டர் வளையாமல் நேர்க்குச்சியாக விழுந்தது. பேனாவை ஒரு நொடி அழுத்திப் பிடித்தால் நுனியைச் சுற்றி ஒரு வளையம் சுழன்றது. நீண்ட வளைவுகளில் கோடு பேனாவைத் துரத்திக்கொண்டே வந்தது. ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை திரை முழுக்க உறைந்து, டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்தது. கூடவே, மெதுவாக இழுத்த சாய்கோடுகள் புழுபோல் நெளிந்தன.

ரேம்: வாங்கிய பிறகு போட்ட கணக்கு

திணறினால் ரேம் போதவில்லை என்பது எல்லாரும் சொல்வது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ரேம் இடம் இருக்கிறது, எத்தனை நிரம்பியிருக்கிறது, என்ன வேகம் என்று வலப்பக்கம் கீழே காட்டும். இரண்டில் ஒன்று காலி. கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் நாலு கடை ஏறி இறங்கி 8 ஜிபி டிடிஆர்4 சோடிம் (மடிக்கணினிக்கான ரேம் பலகை) ஒன்று, 95 ரிங்கிட். அடிமூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட்டு, சாய்த்துச் செருகி அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று பிடிக்கும். பத்து நிமிட வேலை.

உறைவது நின்றது. மற்ற நான்கும் அப்படியே இருந்தன.

கணக்கை அதற்குப் பிறகுதான் போட்டது. நாலடி என்றால் 48 அங்குலம். 'அச்சுக்கு 300 டிபிஐ' (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்ற மனப்பாடத்தில் கேன்வாஸ் 14400 × 14400 பிக்சலாகத் திறக்கப்பட்டிருந்தது. எட்டுபிட் வண்ணத்தில் ஒரு பிக்சலுக்கு 4 பைட். முழுதாக நிரம்பிய ஒரு லேயருக்கு, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள் ஒன்றுக்கு, ஏறக்குறைய 791 எம்பி. கிரிட்டா படத்தை 64 × 64 பிக்சல் சதுரங்களாக வெட்டி வைத்துக்கொள்வதால் தொடாத இடம் நினைவகத்தைத் தின்னாது. ஆனால் பூக்கோலத்தில் தொடாத இடம் எங்கே இருக்கிறது? ஐந்து லேயர், அவற்றைச் சேர்த்துக் காட்டும் கூட்டுப்படம் ஒன்று, ஆக ஆறு பங்கு. 4746 எம்பி. கன்ஃபிகர் கிரிட்டாவில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ரேம் வரம்பு பாதி என்று இருந்தது, அதாவது 8 ஜிபியில் 4 ஜிபிக்கும் சற்றுக் குறைவு. மிச்சம் ஸ்வாப் கோப்புக்கு, அதாவது ரேமில் கொள்ளாததை டிஸ்க்கில் வைக்கும் கோப்புக்கு, போய்விடும். திரை உறைந்ததும் விளக்கு எரிந்ததும் அதனால்தான். லேயர்களைக் குரூப்பாகக் கட்டினால் குரூப்புக்கும் தனியாக ஒரு கூட்டுப்படம் உண்டு. அழகுக்காகக் குரூப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இந்தக் கணக்கைக் கையால்கூடப் போட வேண்டியதில்லை. கிரிட்டாவின் கீழ்ப்பட்டியில் படத்தின் அளவும் அது பிடித்திருக்கும் நினைவகமும் தெரியும். அதன்மேல் சுட்டியை வைத்தால் லேயருக்கு எவ்வளவு, ஸ்வாப்புக்கு எவ்வளவு என்று பிரித்தே காட்டும். 95 ரிங்கிட் கொடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் அது.

பேனா: இரண்டு வழியில் ஒரு வழி

அடுத்து கோட்டின் தொடக்கம். இதற்குக் கைப்பேசியின் மெதுவியக்கக் காணொளி நல்ல அளவுகோல். நொடிக்கு 240 படம் எடுக்கும் முறையில் பேனா நுனியையும் திரையையும் ஒன்றாகப் படம்பிடித்து, நுனி ஓர் இடத்தைக் கடந்ததிலிருந்து திரையில் அதற்கு நேரான இடத்துக்கு மை வரும்வரை எத்தனை படம் என்று எண்ணினால் போதும். ஒரு படத்துக்கு 4 மில்லிநொடிக்குச் சற்று மேல். ஆரம்பத்தில் எண்ணியது 46 படம், கிட்டத்தட்ட 190 மில்லிநொடி. இந்த எண் கையில் இல்லாவிட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு 'கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கிறதே' என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம்.

விண்டோஸில் பேனாவின் செய்தி மென்பொருளுக்கு இரண்டு வழியில் வரும். ஒன்று பழைய விண்டாப், மற்றது விண்டோஸ் இங்க். கிரிட்டாவில் செட்டிங்ஸ், கன்ஃபிகர் கிரிட்டா, டேப்லெட் செட்டிங்ஸ் என்று போனால் விண்டாப் வேண்டுமா, விண்டோஸ் 8+ பாயிண்டர் இன்புட் வேண்டுமா என்று கேட்கும். டேப்லெட்டைக் கணினியோடு பேசவைக்கும் அதன் சொந்த டிரைவரிலும் 'விண்டோஸ் இங்க்' என்று ஒரு கட்டம் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். டிரைவரில் கட்டத்தை டிக் செய்துவிட்டுக் கிரிட்டாவில் விண்டாப் வைத்தால் அழுத்தம் வராது, அல்லது விட்டுவிட்டு வரும். மாற்றியபின் கிரிட்டாவை மூடித் திறக்காவிட்டால் மாற்றம் ஏறாது. இதை மறந்து 'மாற்றிப் பார்த்தேன், பயனில்லை' என்று முடிவுகட்டியதில் ஒரு மாலை போயிற்று.

அதே பக்கத்தில் டேப்லெட் டெஸ்டர் என்று ஒரு பொத்தான் உண்டு. திறந்து கிறுக்கினால் பக்கத்தில் வரிவரியாகச் செய்தி ஓடும். ஸ்டைலஸ் என்ற வரிகளும் அவற்றில் மாறிக்கொண்டே இருக்கும் அழுத்த எண்ணும் வந்தால் சரி. மௌஸ் வரிகள் மட்டும் ஓடினால் கிரிட்டா பேனாவை எலியாக நினைத்துக்கொண்டிருக்கிறது, பிரஷ்ஷில் என்ன திருத்தினாலும் வீண். இங்கே ஸ்டைலஸும் மௌஸும் மாறிமாறி வந்தன. காரணம், முன்பு வேறொரு டேப்லெட்டுக்குப் போட்ட டிரைவர் இன்னும் உள்ளே இருந்தது. இரண்டு டிரைவரும் சிஸ்டம்32 கோப்புறையில் விண்டாப்32.டிஎல்எல் என்ற ஒரே பெயருள்ள கோப்பைத்தான் நம்பியிருக்கும். பிந்தி வந்தது முந்தியதை மேலெழுதிவிடும். இரண்டையும் நீக்கி, கணினியை மறுபடி தொடக்கி, இப்போதைய டேப்லெட்டின் டிரைவரை மட்டும் போட்டபின் ஸ்டைலஸ் வரிகள் ஒழுங்காக வந்தன.

வளையமும் நேர்க்குச்சியும் வேறு கதை. அழுத்திப் பிடித்தால் வலது சொடுக்கு என்பது விண்டோஸின் ஏற்பாடு. பேனா தொட்டதும் இது கோடா, வலது சொடுக்கா என்று விண்டோஸ் ஒரு கணம் காத்திருக்கிறது. அந்தக் கணத்தில் நடந்த அசைவு நேர்க்கோடாகச் சுருங்கிவிடுகிறது. கண்ட்ரோல் பேனலில் பென் அண்ட் டச், அதில் பிரஸ் அண்ட் ஹோல்ட், அதன் செட்டிங்ஸில் வலது சொடுக்குக்கான டிக்கை எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஒரு டிக், ஒரு சென் செலவில்லை. கோலத்தில் இதழ்கள் எல்லாம் சின்னச் சின்ன வளைவுகள். தொடக்கம் கெட்டால் இதழே கெட்டுவிடும். படத்தின் தரத்தை அதிகம் உயர்த்தியது இந்த டிக்தான்.

இங்கேயே இன்னொன்று. டேப்லெட்டின் பரப்பு 16:10, திரை 16:9. முழுப் பரப்பையும் முழுத் திரைக்கு இணைத்தால் கை வரையும் வட்டம் திரையில் பதினொரு விழுக்காடு அகலமான முட்டையாக விழும். 50 சென் நாணயத்தை டேப்லெட்டில் வைத்துச் சுற்றி வரைந்தால் உடனே தெரியும். டிரைவரில் பரப்பின் உயரத்தை 6.25-இலிருந்து 5.625 அங்குலமாகக் குறைத்ததும் வட்டம் வட்டமாயிற்று.

துரத்தி வரும் கோடு

டிரைவரைச் சரிசெய்த பிறகும் 31 படம். அதாவது 130 மில்லிநொடி. மிச்சத்துக்கு இரண்டு காரணம்.

ஒன்று, பிரஷ் கருவியின் டூல் ஆப்ஷன்ஸில் ஸ்மூத்திங் 'ஸ்டெபிலைசர்' என்று இருந்தது. கை நடுக்கத்தைச் சமன்படுத்த அது கடைசிப் பல புள்ளிகளின் சராசரியை எடுக்கிறது. சராசரி எடுத்தால் பின்தங்கத்தான் செய்யும். இது பழுது இல்லை, கேட்டு வாங்கிய வசதி. டிஸ்டன்ஸ் கூடக்கூடக் கோடு வழவழப்பாகும், அதே அளவுக்குப் பின்னால் வரும். வெளிவட்டக் கரைக்கு மட்டும் ஸ்டெபிலைசரை வைத்துக்கொண்டு, இதழுக்கும் இழைக்கும் 'பேசிக்' என்று மாற்றியதில் 31 படம் 22 ஆயிற்று.

மற்றது மல்டிபிரஷ். கோலம் வரைய இதைவிடத் தோதான கருவி இல்லை. க்யூ விசையை அழுத்தி, டைப் 'சிமெட்ரி', பிரஷ் எண்ணிக்கை 16 என்று வைத்தால் ஓர் இதழ் வரையும்போதே பதினாறும் மலரும். ஆனால் கணினிக்கு அது பதினாறு கை வேலை. பிரஷ்ஷின் அளவும் இதோடு பெருகும். அரிசியைக் கையால் தூவும்போது 6 மில்லிமீட்டருக்கு மெல்லிய கோடு நிற்காது. 300 டிபிஐயில் 6 மில்லிமீட்டர் என்பது 71 பிக்சல். 100 டிபிஐயில் 24. ஒவ்வொரு தொடுகைக்கும் நிரப்ப வேண்டிய பிக்சல் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும்.

ஆக ரேம், பிரஷ் இரண்டின் சிக்கலும் ஒரே இடத்தில் வந்து நின்றன. தேவைக்கு மூன்று மடங்கு டிபிஐ. நின்றுகொண்டு பார்க்கும் தரைக்கோலத்துக்கு, அதுவும் மேலே அரிசி மூடப்போகும் பேனருக்கு 300 எதற்கு? 100 டிபிஐக்கு 4800 × 4800 போதும், ஒரு லேயருக்கு 88 எம்பி. முதலிலேயே இதைச் செய்திருந்தால் அந்த 95 ரிங்கிட் ரேம் தேவைப்பட்டிருக்காது.

சுருக்கும்போது கவனம் வேண்டும். கண்ட்ரோல் + ஆல்ட் + ஐ அழுத்தினால் வரும் ஸ்கேல் இமேஜ் பெட்டியில் ரெசல்யூஷனை மட்டும் தனியாக மாற்றினால் பிக்சல் குறையாது. 14400 பிக்சலே 100 டிபிஐயில் நின்று, படம் 12 அடியாக வீங்கும். மேலே இருக்கும் பிக்சல் அளவை 4800 என்று மாற்றி, கீழே அச்சளவு 48 அங்குலமாகவே இருக்கிறதா என்று பார்த்தபின்தான் ஓகே. பழைய கோப்பை அப்படியே வைத்துவிட்டு வேறு பெயரில் சேமிப்பது நல்லது. மல்டிபிரஷ்ஷின் மையம் சரியாக 2400, 2400-இல் இருக்கிறதா என்பதை வழிகாட்டிக் கோடு இழுத்துச் சரிபார்க்க வேண்டும். மையம் தள்ளியிருந்தால் புது இதழ்கள் முன்பு வரைந்தவற்றோடு சேராது.

சுருக்கியபின் 17 படம், 71 மில்லிநொடி. இந்த மடிக்கணினியின் திரைக்கு இதற்குக் கீழே இறங்கவில்லை. கைக்கு உறுத்தவும் இல்லை.

இன்ஸ்டன்ட் பிரிவ்யூ, ஷிஃப்ட் + எல், பெரிய பிரஷ்ஷில் நன்றாகவே கைகொடுக்கும். படத்தின் சிறிய நகலில் முதலில் வரைந்து காட்டிவிட்டு, உண்மையான கோட்டைப் பிறகு போடும். டிஸ்ப்ளே பக்கத்தில் வரைகலை முடுக்கம் இயங்கி, ஸ்கேலிங் மோட் 'ட்ரைலீனியர்' அல்லது 'ஹை குவாலிட்டி'யாக இருந்தால்தான் அது வேலை செய்யும். அன்டு (செய்ததைத் திரும்பப் பெறும் படிகள்) எண்ணிக்கை 200 இருந்ததை 60 ஆக்கியதில் நினைவகமும் கொஞ்சம் மீண்டது.

நெளிந்த சாய்கோடு

இதற்கும் மென்பொருளுக்கும் சம்பந்தமே இல்லை. கிரிட்டாவில் ஒரு மாலை முழுக்கத் தேடியது வீண். அடிக்கோலை டேப்லெட்டில் சாய்வாக வைத்து மெதுவாக ஒரு கோடு, பிறகு மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு இன்னொரு கோடு. இரண்டாவது கம்பிபோல் வந்தது. வீட்டுச் சுவரில் மூன்று துளை, சார்ஜரின் முனையோ இரண்டு முள் கொண்டது, அதை மலிவான மாற்றியில் செருகியிருந்தது. எர்த் இல்லாததால் மின்னிரைச்சல் யூஎஸ்பி வழியாக டேப்லெட்டுக்கு வந்திருக்கிறது. எர்த்தோடு கூடிய மூன்று முள் கம்பி 15 ரிங்கிட். மாற்றியதும் நெளிவு போயிற்று. கைப்பேசியை டேப்லெட்டின் மேல் வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடலாம்.

சேமிப்பு

உறைந்துகொண்டிருந்த நாட்களில் சேமிக்கும் நடுவே கிரிட்டா ஒருமுறை விழுந்தது. மாலை மழையும் இடியும் தொடங்கும் நேரம், மின்சாரமும் ஒருமுறை ட்ரிப் ஆயிற்று. தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு. கோப்பின் பெயருக்குப் பின்னால் அலைக்கோடு போட்டு ஒரு நகல் அதே கோப்புறையில் இருக்கும். அந்த அலைக்கோட்டை எடுத்துவிட்டால் முந்தைய நிலை திறக்கும். அதுவும் திறக்காவிட்டால், கேஆர்ஏ கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். வால் பெயரை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால் உள்ளே மெர்ஜ்டுஇமேஜ் என்ற பிஎன்ஜி இருக்கும். லேயர்கள் போனாலும் படம் மிஞ்சும். கண்ட்ரோல் + ஆல்ட் + எஸ் ஒவ்வொரு முறையும் அடுத்த எண் போட்டுப் புதுக் கோப்பாகச் சேமிக்கும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அது ஒன்று.

அச்சுக்கடை

கிரிட்டா நேராகப் பிடிஎஃப் தராது. பிஎன்ஜியாக எடுத்து, செந்தூல் பக்கம் ஓர் அச்சுக்கடைக்கு வாட்ஸ்அப்பில் போயிற்று. படமாக அனுப்பினால் சுருங்கிவிடும் என்று ஆவணமாகவே அனுப்பியது சரி. ஆனால் அளவை எழுத்தில் சொல்லவில்லை. சதுர அடிக்கு 2 ரிங்கிட் 50 சென், 16 சதுர அடி, 40 ரிங்கிட். வந்த பேனரை அளந்தால் 122 அல்ல, 127 செ.மீ. தரையில் அடையாளம் வைத்த வட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது.

127 செ.மீ. என்பது 50 அங்குலம். 4800-ஐ 50-ஆல் வகுத்தால் 96. வழியில் எங்கோ 100 டிபிஐ என்ற குறிப்பு உதிர்ந்து, அச்சு மென்பொருள் 96 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. 72 என்று எடுத்திருந்தால் ஐந்தரை அடிக்கு மேல் வந்திருக்கும், கடையிலேயே கண்ணில் பட்டிருக்கும். நாலு விழுக்காட்டுப் பிழைதான் யார் கண்ணிலும் படாது. இரண்டாவது அச்சுக்குப் படத்தின் ஓரத்தில் 500 மி.மீ. நீளத்தில் ஓர் அளவுகோடு வரைந்து, கோப்புப் பெயரிலேயே '48 அங்குலம் × 48 அங்குலம்' என்று எழுதி அனுப்பியது. கடையில் நாடாவை வைத்து அந்தக் கோடு 500 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம். முதல் பேனரில் அதே கோடு இருந்திருந்தால் 521 காட்டியிருக்கும்.

வண்ணத்தைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. திரையில் பளிச்சென்ற கிளிப்பச்சையும் நீலமும் அச்சில் மங்கும் என்பதைக் கண்ட்ரோல் + ஒய் முன்கூட்டியே காட்டிவிடும். மேலே அரிசி விழப்போகிறது, அடியில் எது பச்சை, எது மஞ்சள் என்று தெரிந்தால் போதும்.

செலவு: ரேம் 95, கம்பி 15, பேனர் இரண்டு 80, ஆக 190 ரிங்கிட். உண்மையில் தேவைப்பட்டது கம்பியும் ஒரு பேனரும், 55.

அடுத்த முறை கேன்வாஸ் 60 டிபிஐயில் தொடங்கும். 2880 பிக்சல், லேயருக்கு 32 எம்பி, 6 மில்லிமீட்டர் கோட்டுக்கு 14 பிக்சல். அரிசிக்கு அது தாராளம். இழைகளைப் பிக்சலாக அல்லாமல் வடிவக் கோடாக வைத்திருக்கும் வெக்டர் லேயரில் போட்டு, நிறத்தை மட்டும் பெயின்ட் லேயரில் நிரப்பிப் பார்க்க வேண்டும். பேனர் நாலடிக்குப் பதில் நாலேகால் அடி, அதாவது சுற்றிலும் ஒன்றரை அங்குல வெற்று ஓரம். இந்த முறை ஓரத்தை ஒட்டுநாடாவால் தரையில் ஒட்டியபோது வெளிக்கரையின் பாதி நாடாவுக்கு அடியில் போய்விட்டது. நாடாமேல் அரிசி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே இருந்தது.